பாதத்தைப் பார்த்தோமா?

(நம் மருத்துவமனை ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



இவ்வாண்டு எதைக்குறித்துப் பேசலாம் என்று ஜெபத்தோடு யோசித்தபோது, புதிய கட்டடத்தைக்குறித்தோ புதிய கருவியைக்குறித்தோ பேச எங்களுக்கு ஏவுதல் உண்டாகவில்லை. காலின் பெருவிரலைக்குறித்துப் பேசவே மனம் ஏவப்பட்டது. சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் பேச்சு முடியும்போது உங்களில் சிலராவது வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி உங்கள் பாதத்தை உற்றுப் பார்ப்பீர்கள் என்றால், நாங்கள் வந்த காரியம் நிறைவேறியது என்று எண்ணிக்கொள்வோம்.

எலும்பு மருத்துவப் பிரிவில் ஒருநாள் நாங்கள் நோயாளிகளோடு அமர்ந்திருந்தோம். ஒரு தாயாரின் பாதத்தைப் பார்த்துவிட்டு இளம் மருத்துவர், "உங்களுக்குப் பனியன் இருக்கிறது" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் திடுக்கிட்டுத் தம்முடைய சட்டைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அந்த நோய்க்கு அதுதான் பெயர். நம்முடைய நாவில் அது உள்ளாடையின் பெயராகிவிடுகிறது! தமிழில் அதற்கென்று எல்லாரும் அறிந்த ஒரு சொல் இல்லை. "விரல் கோணிவிட்டது" என்பார்கள், "எலும்பு துருத்துகிறது" என்பார்கள். பலர் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுகிறார்கள். நாம் இன்று அதைப் பெருவிரல் புடைப்பு என்று சொல்லிக்கொள்வோம். பெயர் இல்லாத நோயைக்குறித்து யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. அதுவே முதல் சங்கடம்.

இது என்ன நோய்? இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். பாதத்தில் எத்தனை எலும்பு என்று கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதங்களிலும் 52. மனித சரீரத்தின் 206 எலும்புகளில் ஏறக்குறைய கால்பங்கு பாதங்களில் மட்டும் இருக்கிறது. சிருஷ்டிகர் இந்தச் சிறிய இடத்தில் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் பாருங்கள்! நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும், குதிகால் எழும்பும் அந்த ஒரு நொடியில், உடலின் பாரம் பெரும்பாலும் பெருவிரலின் அடிமூட்டின்மேல்தான் விழுகிறது.

அந்த மூட்டில் இரண்டு எலும்புகள் சந்திக்கின்றன. ஒன்று பெருவிரலின் எலும்பு. மற்றொன்று அதற்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கிற நீண்ட எலும்பு. பெருவிரல் சிறிது சிறிதாகப் பக்கத்து விரலை நோக்கிச் சாய, பின்னாலிருக்கும் நீண்ட எலும்பு அதற்கு எதிர்ப்பக்கமாக, மற்றக் காலை நோக்கி விலகுகிறது. அந்த எலும்பின் தலைதான் வெளியே முட்டிக்கொண்டு தெரிகிறது. ஆகவே அது புதிதாக முளைத்த கட்டியல்ல. இருந்த எலும்பு இடம் மாறி நிற்கிறது. அதன்மேல் செருப்பு உரச உரசத் தோல் தடித்து, உள்ளே நீர் கோத்து வீங்கிச் சிவக்கிறது.

ஒருமுறை சாய்ந்த விரல் ஏன் தானாக நிமிர்வதில்லை என்று ஒரு சகோதரர் கேட்டார். வில்லையும் நாணையும் நினைத்துக்கொள்ளுங்கள். விரலை அசைக்கிற தசைநாண்கள் நேராக இருக்கும்போது விரலை நேராக இழுக்கின்றன. விரல் சாய்ந்தபின் அதே நாண்கள் வில்லின் நாணைப்போலக் குறுக்கே விழுந்து, ஒவ்வொரு அடியிலும் இன்னும் சாய்த்துக்கொண்டே போகின்றன.

இரண்டு நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கால் ஆணி என்பது தோலின் தடிப்பு மாத்திரம். எலும்பு இடம் மாறுவதில்லை. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வாதமும் இதே மூட்டைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். ஆனால் அது ஓர் இரவில் வரும், போர்வை பட்டாலும் துடிக்கும், மூட்டு நெருப்பாய்ச் சுடும். பெருவிரல் புடைப்போ ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவது.

இது ஏன் வருகிறது? பிறவியிலே வாய்த்த பாத அமைப்பு ஒரு காரணம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருப்பதை எங்கள் வார்டுகளிலேயே காண்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வயது ஏற ஏற அதிகம். ஆனால் இருக்கிற சாய்வை மோசமாக்குவது முன்பக்கம் குறுகிய காலணிதான். 1958-ல் ஹாங்காங்கில் சீன மக்களின் பாதங்களை ஆராய்ந்தவர்கள், காலணி அணிந்து பழகியவர்களில் 33 சதவீதம் பேருக்கும், காலணி அணியாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கும் பெருவிரல் சாய்ந்திருந்ததாக எழுதினார்கள்.

இன்னொரு ஆராய்ச்சியைச் சொன்னால் நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பழைய கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட 177 எலும்புக்கூடுகளின் பாதங்களை ஆராய்ந்து, 2021-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கே இந்தப் புடைப்பு. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் கூர்முனைக் காலணி நாகரிகம் பரவியபோது வாழ்ந்தவர்களிலோ 27 சதவீதம். கிராமத்துக் கல்லறையில் 3 சதவீதம். நகரத்து உழைப்பாளிகளின் கல்லறையில் 10 சதவீதம். எல்லாவற்றிலும் அதிகம் எங்கே தெரியுமா? அகுஸ்தீனியத் துறவிமடத்துக் கல்லறையில், 43 சதவீதம்! அங்கே அடக்கம் பண்ணப்பட்டவர்கள் யார்? குருமார்களும், அந்த மடத்துக்குத் தாராளமாய் உதவி செய்த செல்வந்தர்களும். அதாவது காணிக்கை வாங்கினவர்களும் காணிக்கை கொடுத்தவர்களும்! குருமார்கள் கூர்முனைக் காலணி அணியக் கூடாது என்று 1215-லேயே திருச்சபை தடை விதித்திருந்தது. கட்டளை இருந்தது; கால்கள் கேட்கவில்லை.

அந்த ஆராய்ச்சியில் வேறொரு செய்தியும் உண்டு. புடைப்பு இருந்தவர்களில், அதிலும் முதிய வயதில் இறந்தவர்களின் எலும்புகளில், கீழே விழுந்ததால் ஏற்படும் முறிவுகள் அதிகமாய்க் காணப்பட்டன. பெருவிரல் சாய்ந்தால் நடையின் நிதானம் குறைகிறது. ஆகையால் இதை அழகு சம்பந்தப்பட்ட சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு மருந்து என்ன? எங்கள் மருத்துவர்கள் முதலில் எழுதிக்கொடுப்பது மாத்திரையல்ல, செருப்பு. முன்பக்கம் அகலமாக, விரல்கள் விரிந்து படுக்க இடமுள்ளதாக, குதி உயரமில்லாததாக இருக்க வேண்டும். அளவு எடுக்கும் முறையைக் கேளுங்கள். காலையில் அல்ல, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் அளக்க வேண்டும். உட்கார்ந்து அல்ல, நின்றுகொண்டு அளக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பாதங்களையும் வைத்து பென்சிலால் சுற்றிலும் வரையுங்கள். வாங்கப்போகும் செருப்பை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். பென்சில் கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால் அந்தச் செருப்பு உங்களுக்கு அல்ல. கடைக்காரர், "போடப் போடச் சரியாகிவிடும்" என்பார். நம்பாதீர்கள். சரியாவது செருப்பல்ல, உங்கள் பாதம் அந்தச் செருப்புக்கு ஏற்றபடி கோணலாகிவிடும்.

பெருவிரலை மாட்டும் வளையம் வைத்த செருப்பு பலருக்குப் பிரியம். அந்த வளையமோ வாரோ புடைப்பின்மேல் விழுமானால் அதை மாற்றிக் கட்டித்தரச் செருப்புத் தைப்பவரிடம் சொல்லுங்கள். இரண்டாம் விரல் வீங்கியிருக்கும்போது மெட்டியைக் கழற்றிவிடுவது நல்லது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினால் அடிக்கடி விரல்நுனியை அழுத்திப் பாருங்கள். பிள்ளையின் கால் வளர்ந்திருக்கும், ஷூ வளராது.

விரல்களுக்கிடையே வைக்கும் மெத்தென்ற துண்டும், புடைப்பின்மேல் வைக்கும் பஞ்சு வளையமும் நோவைக் குறைக்கும். இரவில் கட்டும் பட்டைகளும் சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் வளர்ந்தவர்களுக்கு இவை எலும்பை நேராக்குவதில்லை. அப்படி விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்துபோகாதிருங்கள்.

அகலமான செருப்பு போட்டும் நோவு தீரவில்லை, நடக்கவும் வேலை செய்யவும் முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சை உண்டு. நின்றபடி எக்ஸ்ரே எடுத்து விரல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. 40-ஐத் தாண்டினால் கடுமை. துருத்தி நிற்பதைச் சீவிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அதை மாத்திரம் செய்தால் விரல் சாய்ந்தபடியே இருக்கும், புடைப்பும் திரும்ப வரும். ஆகவே இடம் மாறிய நீண்ட எலும்பை வெட்டி, நேரான இடத்துக்கு நகர்த்தி, ஆணியால் பொருத்துகிறார்கள். எலும்பு கூட ஏறக்குறைய ஆறு வாரம். வீக்கம் முழுவதும் வற்றப் பல மாதங்கள். நோவுக்காக இதைச் செய்யலாம். பாதம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யலாகாது என்பது எங்கள் மருத்துவர்களின் உறுதியான ஆலோசனை.

பிரியமானவர்களே, இதுவரை நோவுள்ள பாதத்தைக்குறித்துச் சொன்னோம். இனி நோவில்லாத பாதத்தைக்குறித்துச் சொல்ல வேண்டும். அதற்காகவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

செருப்பு கடிக்கிறது என்கிறோம். கடிக்கிற செருப்பைக் கழற்றி எறிகிறோம், அல்லது நொண்டி நடக்கிறோம். எப்படியும் பாதம் தப்பிக்கொள்ளும். கடிப்பதே தெரியாத பாதம் என்ன செய்யும்? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. சர்க்கரை நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. தொழுநோயும் நரம்புகளை அப்படியே பாதிக்கிறது. மரத்த பாதத்தில் பெருவிரல் புடைப்பும் சேர்ந்துவிட்டால், செருப்பு அந்த ஒரே இடத்தில் நாள் முழுவதும் உரசும். தோல் தடிக்கும், தடித்த தோலுக்கு அடியில் புண்ணாகும், புண் எலும்பைத் தொடும். அந்த மனிதருக்கோ ஒன்றும் தெரியாது.

இதை உலகத்துக்கு விளங்கப்பண்ணியவர்களில் ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பின்பு கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எண்ணினார்கள். வலி தெரியாததினாலே அவர்கள் அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை அவரும் அவருடைய தோழர்களும் எடுத்துக்காட்டினார்கள். வலி என்பது ஓர் ஈவு என்று அவர் சாகுமட்டும் சொல்லிவந்தார். 2003-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இன்றும் மரத்த பாதங்களுக்கு நம் மருத்துவமனைகளில் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர், வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த அந்த உழைப்பின் கனிதான்.

இவ்வளவும் அறிந்திருந்த நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை ஆதரவாளர்களாகிய உங்களிடத்தில் மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எங்கள் மருத்துவர்கள் போதித்துவந்ததைக் கேள்விப்பட்ட அன்பர்கள் சிலர், கிறிஸ்துமஸ் சமயத்தில் பெண்களுக்கான புதிய கட் ஷூக்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். நல்ல மனதோடு அனுப்பினார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கிறிஸ்துமஸ் மரத்தின் அருகே மேஜை போட்டு, நோயாளிகளை வரிசையாக அழைத்து, ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்து, எங்கள் கையாலேயே கொடுத்தோம். "உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்டோம். நம்பர் என்பது நீளம். அகலத்தை நாங்கள் கேட்கவில்லை. பாதத்தைக் குனிந்து பார்க்கவும் இல்லை.

அந்த வரிசையில் வந்தவர்களில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய விதவைத்தாய். பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்றவர். சர்க்கரை வியாதி நெடுநாளாக உண்டு. இரண்டு பாதத்திலும் பெருவிரல் புடைப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கென்று அந்தக் கட் ஷூவை வைத்திருந்தார். லெந்து காலம் வந்தபோது தினமும் மாலை ஜெபத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார்.

பெரிய வியாழன் இரவு, வழக்கம்போலச் சிற்றாலயத்தில் பன்னிரண்டு நோயாளிகளின் பாதங்களைக் கழுவினோம். மூன்றாவது நாற்காலியில் அந்தத் தாய் இருந்தார். நாங்கள் முழங்காற்படியிட்டு, ஒரு கையில் ஆராதனைப் புத்தகத்தைப் பிடித்து, மறுகையால் தண்ணீர் ஊற்றி, வாசகத்தைப் பிழையில்லாமல் படித்தோம். எங்கள் கண் புத்தகத்தின்மேல் இருந்தது. பின்னால் துவாலையோடு வந்த முதலாண்டு நர்சிங் மாணவி பாதத்தைத் துடைத்தாள்.

ஆராதனை முடிந்தபின் அந்தப் பிள்ளை ஆயத்த அறைக்கு வந்து, துவாலையை விரித்துக் காட்டி, "ஐயா, மூணாவது நாற்காலியில இருந்த பாட்டிக்கு கால்ல புண் இருக்கு" என்றாள். துவாலையில் பழுப்பாக ஒரு கறை. அந்தப் பாதத்தைக் கையில் பிடித்தவர்கள் நாங்கள். புண்ணைக் கண்டவளோ அந்தப் பிள்ளை.

அன்று இரவே அந்தத் தாயைச் சேர்த்துக்கொண்டார்கள். புடைப்பின்மேல் தடித்திருந்த தோலை மருத்துவர் நீக்கியபோது அடியில் குழியாகப் புண் இருந்தது. கம்பி எலும்பைத் தொட்டது. எக்ஸ்ரேயில் எலும்பும் கெட்டிருந்தது. மருந்தால் மாத்திரம் காப்பாற்ற முடியாமல், பெருவிரலை எடுக்க நேர்ந்தது. பெருவிரல் போனால் அந்த விரலோடு காரியம் முடிவதில்லை. அது சுமந்த பாரம் மற்ற விரல்களின்மேல் விழுந்து, அடுத்த புண்ணுக்கு வழி உண்டாகும். அதையும் மருத்துவர் எங்களிடம் ஒளிக்கவில்லை.

வார்டில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அம்மா, கால் கடித்தபோதே கழற்றியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். அவர் சொன்னார்: "கடிச்சிருந்தா கழட்டியிருப்பேன் ஐயா. கடிக்கவே இல்லையே. நீங்க ஜெபம் பண்ணி உங்க கையால குடுத்தது, எப்படிப் போடாம இருக்கிறது?"

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எங்களைக் குற்றப்படுத்தவில்லை. இன்றுவரை குற்றப்படுத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பாரமாயிருக்கிறது.

பிரியமானவர்களே, யோவான் 13-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். தாழ்மையைக்குறித்துச் செய்தோம், ஊழியத்தைக்குறித்துச் செய்தோம். ஆண்டவர் சீஷருடைய பாதங்களைக் கழுவினபோது அவற்றைப் பார்த்திருப்பார் என்று ஒருமுறையும் நாங்கள் சொன்னதில்லை. கழுவுகிறவன் பார்க்காமல் கழுவ முடியாது. எந்தக் காலில் வெடிப்பு, எந்தக் காலில் வாரின் தழும்பு, எந்தக் கால் நடந்து தேய்ந்தது என்று அந்த இரவில் அவர் கண்டிருப்பார். பார்க்காமல் கழுவினால் அது சடங்கு. பார்க்காமல் கொடுத்தால் அதுவும் சடங்குதான், சிலவேளை காயமும் உண்டாக்கும்.

ஆசா ராஜா தன் முதிர்வயதில் பாதங்களில் வியாதி கொண்டதை 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்பதை வைத்துக்கொண்டு, வைத்தியமே ஆகாது என்று போதிக்கிறவர்கள் உண்டு. அந்த வசனம் வைத்தியரைக் கடிந்துகொள்ளவில்லை. கர்த்தரை விட்டுவிட்டதையே கடிந்துகொள்கிறது. ஜெபித்துவிட்டுப் பாதத்தைப் பார்க்காமல் விட்டோமே, நாங்கள் அதற்கு மறுபக்கத்தில் தவறினோம். ஜெபமும் வேண்டும், குனிந்து பார்க்கும் கண்ணும் வேண்டும்.

அதன்பின் எங்கள் மருத்துவமனையில் சில காரியங்களை மாற்றினோம். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வருகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்ற வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று நர்ஸ் சோதிக்கிறார். உணர்ச்சியில்லாத பாதத்தில் புடைப்பும் இருந்தால், உடனே செருப்புத் தைக்கும் அறைக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே தாளில் பாதத்தை வரைந்து, புடைப்பு இருக்கும் இடத்தில் உரசாதபடி எம்.சி.ஆர். செருப்பு தைத்துக்கொடுக்கிறோம். செருப்புகளாக வரும் நன்கொடையை இப்பொழுது நாங்கள் நன்றியோடு மறுத்துவிடுகிறோம். அந்தப் பணத்தை அனுப்புங்கள். ரப்பரும் தோலும் வாங்கி, அந்தந்தப் பாதத்துக்குத் தைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது தேய்ந்ததை மாற்றவும் வேண்டும். ஆகையால் ஒருமுறை கொடுக்கும் பெரிய காணிக்கையைவிட, தவறாமல் வருகிற சிறிய காணிக்கை இந்த ஊழியத்துக்கு அதிகப் பிரயோஜனம்.

உங்கள் வீடுகளுக்கும் சில ஆலோசனைகள். உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ சர்க்கரை இருந்தால், இரவில் படுக்குமுன் இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தை நீட்டிப் பாருங்கள். கண் மங்கினவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். செருப்போ ஷூவோ போடுமுன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். கல்லும் ஆணியும் காலுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். புடைப்பையும் ஆணியையும் பிளேடால் சீவாதிருங்கள், மருந்துக்கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியும் ஒட்டாதிருங்கள். அதிலுள்ள அமிலம் மரத்த தோலைத் தின்றுவிடும். மரத்த பாதத்தை வெந்நீரில் வைக்காதிருங்கள். சிறிய புண்ணானாலும் நோவில்லை என்று விட்டுவிடாமல், நோவில்லாததினாலேயே ஓடி வாருங்கள்.

சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் வழக்கம். நல்ல வழக்கம், பரிசுத்த ஸ்தலத்தில் மோசே செய்ததும் அதுவே. ஆனால் வெயிலில் கொதிக்கும் வாசற்படியில் வெறுங்காலோடு நிற்கும் மரத்த பாதம் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவர் கொடுத்த செருப்போடு ஆலயத்துக்குள் வந்து உட்கார போதகர்களும் மூப்பர்களும் தாமே சொல்லி அனுமதியுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். வெட்கப்படுவார்கள், அல்லது ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். பவுல் அப்போஸ்தலர் 1 கொரிந்தியர் 12-ல் கனவீனமாய்க் காணப்படும் அவயவங்களுக்கு அதிகக் கனம் கொடுக்கிறோம் என்று சொன்னதை, ஆலய வாசலிலேயே நாம் கைக்கொள்ளலாம்.

அந்தத் தாயைக்குறித்துக் கேட்பீர்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் புண் ஆறினது. எங்கள் அறையில் தைத்த செருப்போடு நடக்கிறார், மெதுவாக நடக்கிறார். பாத மருத்துவ நாட்களில் தாமாகவே வந்து, வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறார். படித்தவர்கள் சொல்லிக் கேட்காதவர்கள் அவர் சொன்னால் கேட்கிறார்கள். அவர் தம் பாதத்தைக் காட்டிச் சொல்லுகிறபடியால்.

பெரிய வியாழன் ஆராதனையை இப்போதும் நடத்துகிறோம். ஒன்றை மட்டும் மாற்றினோம். புத்தகத்தை வேறொருவர் வாசிக்கிறார். எங்கள் இரண்டு கைகளும் கண்களும் பாதத்துக்கே.

ஜெபிப்போம். எங்கள் பாதங்களையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, நோவு என்னும் ஈவுக்காக உம்மைத் துதிக்கிறோம். நோவறியாத பாதங்களைக் காத்தருளும். பார்க்காமல் கொடுத்த எங்களை மன்னியும். இந்த ஊழியத்தைத் தாங்குகிற கைகளை ஆசீர்வதியும். குனிந்து பார்க்கும் மனதை எங்கள் எல்லாருக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.